விளிம்பிலேயே நின்றுவிடும் டி செல்கள்: புற்றுக்கட்டியின் சூழலும் உடலின் எதிர்ப்பாற்றலும்

பெருங்குடல் புற்றுநோய்க்காக அறுவை செய்து எடுத்த இரண்டு கட்டிகளிலிருந்து, மில்லிமீட்டரில் 250-ல் ஒரு பங்கு தடிமனுக்குச் சீவிய இரண்டு திசுத் துண்டுகள் நுண்ணோக்கியின் அடியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் கொல்லும் திறன் கொண்ட டி செல்கள் இருக்கும் இடம் மட்டும் பழுப்பாகவும், மற்ற செல்களின் உட்கருக்கள் நீலமாகவும் தெரியும்படி இரண்டுக்கும் ஒரே விதமாகச் சாயமேற்றப்பட்டிருக்கிறது. முதல் துண்டில் பழுப்புப் புள்ளிகள் புற்றுச் செல்களின் இடையிடையே புகுந்து, ஒவ்வொரு கொத்தின் உள்ளேயும் சிதறிக் கிடக்கின்றன. இரண்டாவதிலும் புள்ளிகள் குறைவில்லை. ஆனால் அவை அனைத்தும் கட்டியின் விளிம்பில், வெளிறிய நார்ப் பட்டைகளுக்கு நடுவே வரிசை கட்டி நிற்கின்றன, உள்ளே ஒன்றுகூட இல்லை. கட்டியின் அளவும், அது குடற்சுவரில் இறங்கிய ஆழமும், நோயின் நிலையும் இரண்டு நோயாளிகளுக்கும் ஒன்றே என்றாலும், அடுத்த ஐந்து ஆண்டுகள் இருவருக்கும் ஒரே மாதிரி அமையும் என்று எதிர்பார்க்க முடியாது.

இந்த வேறுபாட்டை எண்ணி அளந்து காட்டியவர்களில் முக்கியமானவர் பாரிஸில் பணியாற்றும் ஜெரோம் கலோன். பெருங்குடல் கட்டிகளின் நடுவிலும் விளிம்பிலும் எந்த வகை எதிர்ப்புச் செல்கள் எவ்வளவு நெருக்கமாக உள்ளன என்று கணக்கெடுத்த அவருடைய குழு, வழக்கமான நிலைப் பகுப்பைக் காட்டிலும் அந்தக் கணக்கு நோயின் போக்கைத் திருத்தமாக முன்னுரைக்கிறது என்று 2006-ல் வெளியிட்டது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 2003-ல், முற்றிய சினைப்பைப் புற்றுநோயில் இதே போக்கு தெரிந்திருந்தது: கட்டிக்குள் டி செல்கள் இருந்த பெண்களில் 38 சதவீதம் பேர் ஐந்து ஆண்டுகளைக் கடந்தார்கள், இல்லாதவர்களில் 4.5 சதவீதம் பேர்தான் கடந்தார்கள். நோயாளியின் உடலில் டி செல்கள் உள்ளனவா என்பதைவிட, கட்டிக்குள் அவற்றால் நுழையவும் வேலை செய்யவும் முடிகிறதா என்பதே முதன்மையான கேள்வியாகிவிட்டது.

நம்மிடையே இந்த நோயைப் பற்றிப் பேசும்போது, ‘எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது, அதனால்தான் வந்தது’ என்ற விளக்கம் சட்டென்று வந்து விழுகிறது. அதை நம்பிப் பொடிகளும் கஷாயங்களும் விற்பனையாகின்றன. எதிர்ப்பாற்றல் உடல் முழுவதும் குன்றியவர்களுக்குச் சில வகைப் புற்றுநோய்கள் கூடுதலாக வருவது உண்மையே. ஆயினும் பெரும்பாலான நோயாளிகளின் நிலை அதுவன்று. அவர்களுடைய டி செல்கள் சளிக்காய்ச்சல் வைரஸைக் கண்டால் உரிய விதத்தில் எதிர்க்கின்றன. கையில் பட்ட வெட்டுக்காயத்தைப் பார்த்துக்கொள்கின்றன. முடங்கிப்போவது அந்த ஒரு கட்டிக்குள், அதைச் சுற்றிய சில சென்டிமீட்டருக்குள். உடல் முழுவதற்குமான ‘சக்தியை’ ஏற்றினால் அந்த இடத்து முடக்கம் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

கட்டி என்பது புற்றுச் செல்களின் குவியல் மட்டுமே என்ற எண்ணம்தான் இந்தத் தவறான புரிதலுக்கு அடிப்படை. புற்று என்ற நம் சொல்லே இங்கே உதவிக்கு வருகிறது: கரையான் புற்றில் கரையானைவிட மண்ணும் வளைகளும்தான் மிகுதி, கரையான் கட்டியதில் பிறகு வேறு உயிர்கள் குடியேறுவதும் நாம் அறிந்ததே. புற்றுக்கட்டிக்குள்ளும் இரத்தக் குழாய்கள், நார்த்திசுவை நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள், அவை நெய்த கொலாஜன் இழைகள், விழுங்கும் செல்களான மேக்ரோபேஜ்கள், பல வகை டி செல்கள், இவை எல்லாம் ஊறிக் கிடக்கும் ஒரு திரவம் ஆகியவை உள்ளன. இந்த மொத்தத்தைத்தான் கட்டியின் நுண்சூழல் என்கிறோம். கட்டிக்குள் வெள்ளணுக்கள் இருப்பதை ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ 1863-லேயே கவனித்தார். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிணக்கூறாய்வுப் பதிவுகளை ஆராய்ந்த ஸ்டீபன் பேஜெட், நோய் எல்லா உறுப்புகளுக்கும் ஒரே சீராகப் பரவுவதில்லை என்று கண்டு, விதை எங்கும் சிதறினாலும் ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று 1889-ல் எழுதினார். மண்ணை விட்டுவிட்டு விதையை மட்டும் ஆராய்வதிலேயே அதன் பிறகு பல பத்தாண்டுகள் கழிந்தன.

டி செல் ஒன்று தன் வேலையை முடிக்க எத்தனை படிகளைக் கடக்க வேண்டும் என்பதைப் பார்த்தால், சூழல் எங்கெங்கே குறுக்கிட முடியும் என்பது விளங்கும். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது; புண்ணிலிருந்து அந்நியப் பொருளின் துணுக்குகளைச் சுமந்துகொண்டு டென்ட்ரிடிக் செல்கள் நிணநீர் வழியாக அங்குள்ள நிணநீர் முடிச்சுக்குப் போய், அவற்றை டி செல்களுக்குக் காட்டுகின்றன. துணுக்கை அடையாளம் கண்ட டி செல் பல்லாயிரமாகப் பெருகி, இரத்தத்தில் இறங்கிப் புண்ணைத் தேடி வருகிறது. கட்டியிலும் இதே முறைதான். டென்ட்ரிடிக் செல் கட்டியின் துணுக்கை எடுத்துச் செல்ல வேண்டும். நிணநீர் முடிச்சில் பயிற்சி பெற்ற டி செல் கட்டியின் இரத்தக் குழாயில் ஒட்டிக்கொண்டு, சுவரைத் துளைத்து, நாரிழைகளின் இடையே ஊர்ந்து, புற்றுச் செல்லைத் தொட்டு, அதன் மேற்பரப்பில் உள்ள அடையாளத்தைச் சரிபார்த்து, பிறகே கொல்ல வேண்டும். கொல்லும் போது அதற்குச் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் தேவை.

முதல் தடை இரத்தக் குழாயிலேயே தொடங்குகிறது. வேகமாக வளரும் கட்டி, விஇஜிஎஃப் என்ற புரதத்தை மிகையாகச் சுரந்து புதுக் குழாய்களை முளைக்க வைக்கிறது. அவசரத்தில் முளைத்த அந்தக் குழாய்கள் கோணல்மாணலாகவும் ஒழுகுபவையாகவும் அமைகின்றன. ஒழுகிய நீர் வடிய வழியில்லாமல் கட்டிக்குள் அழுத்தம் ஏறுகிறது. குழாயிலிருந்து ஏறத்தாழ 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் செல்களுக்கு ஆக்சிஜன் போய்ச் சேருவதில்லை. டி செல் பற்றிக்கொள்ளத் தேவையான பிடிமானப் புரதங்களையும் இந்தக் குழாய்ச் சுவர்கள் குறைத்துக்கொள்கின்றன. இந்தியாவில் பிறந்து ஹார்வர்டில் பணியாற்றும் ராகேஷ் ஜெயின், குழாய்களை முற்றாக அழிப்பதைவிட, அவற்றை ஓரளவு ஒழுங்குக்குக் கொண்டுவந்தால் மருந்தும் செல்களும் உள்ளே போகும் என்று 2001-ல் முன்வைத்த கருத்து அப்போது விசித்திரமாகத்தான் தோன்றியது. கட்டியின் இரத்த ஓட்டத்தைத் துண்டித்து அதைப் பட்டினி போட வேண்டும் என்பதே அன்றைய நம்பிக்கை. 2020-ல் வெளியான கல்லீரல் புற்றுநோய் ஆய்வில், விஇஜிஎஃப்பைத் தடுக்கும் பெவாசிசுமாபும் டி செல்லின் தடையை விடுவிக்கும் அட்டிசோலிசுமாபும் சேர்ந்து பெற்றவர்களில் 67.2 சதவீதம் பேர் ஓராண்டைக் கடந்தார்கள். பழைய மருந்தான சோராஃபெனிப் பெற்றவர்களில் 54.6 சதவீதம் பேரே கடந்தார்கள்.

குழாயைத் தாண்டி வந்த டி செல்லை அடுத்து மறிப்பது நார்த்திசு. நாம் தொடக்கத்தில் பார்த்த இரண்டாவது திசுத் துண்டின் கதை இதுதான். கட்டியில் உள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்தின் தூண்டுதலால் கொலாஜனை நெருக்கமாக நெய்து, புற்றுச் செல் கொத்துகளைச் சுற்றி உறை போடுகின்றன. அதே புரதம் டி செல்லின் கொல்லும் திறனையும் நேரடியாக மழுங்கடிக்கிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் அட்டிசோலிசுமாப் பலனளிக்காத நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்தவர்கள், டி செல்கள் வெளியிலேயே நின்றுவிட்ட கட்டிகளில் இந்தப் புரதத்தின் தடயம் ஓங்கியிருந்ததை 2018-ல் கண்டார்கள். எலிகளில் அதையும் சேர்த்துத் தடுத்தபோது டி செல்கள் உள்ளே புகுந்தன. இந்த அனுபவங்களின் அடிப்படையில் இப்போது கட்டிகளை, டி செல்கள் உள்ளே நிறைந்தவை, விளிம்பில் நிற்பவை, எங்குமே இல்லாதவை என்று மூன்றாகப் பிரித்துப் பேசுகிறார்கள். வசதிக்கான பிரிவுதான் அது. ஒரே கட்டியின் வெவ்வேறு மூலைகளில் மூன்றையும் பார்க்க முடியும்.

உள்ளே புகுந்துவிட்ட செல்லுக்கும் நிம்மதி இல்லை. புற்றுச் செல்கள் ஆக்சிஜன் இருக்கும்போதே சர்க்கரையை நொதிக்க வைத்து லாக்டிக் அமிலமாக வெளியேற்றுகின்றன என்று 1920-களில் ஓட்டோ வார்பர்க் காட்டினார். அந்தப் பெருந்தீனியின் விளைவாக டி செல்லுக்குச் சர்க்கரை மிஞ்சுவதில்லை. வெளியேறிய அமிலத்தால், வழக்கமாக 7.4 இருக்க வேண்டிய பிஹெச் அளவு கட்டிக்குள் 7-க்கும் கீழே இறங்குகிறது. அந்தப் புளிப்பில் டி செல் மந்தமாகிறது. மடியும் செல்களிலிருந்து கசியும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு, கட்டியின் நொதிகளால் அடினோசினாக மாற்றப்பட்டு, டி செல்லுக்கு ‘போதும், நிறுத்து’ என்ற குறிப்பாக அமைகிறது.

அடுத்தது உடலுக்குள்ளேயே இருக்கும் அடக்கும் செல்கள். நம் உடலையே நம் டி செல்கள் தாக்கிவிடாதபடி மேற்பார்வை செய்யும் ஒழுங்குபடுத்தும் டி செல்களை ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995-ல் அடையாளம் காட்டினார். அவற்றை இயக்கும் ஃபாக்ஸ்பி3 மரபணுவை மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் 2001-ல் கண்டறிந்தார்கள். மூவருக்கும் 2025-ன் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. இந்தச் செல்கள் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளின் குடலையும் தோலையும் கணையத்தையும் அவர்களுடைய எதிர்ப்பு மண்டலமே சிதைக்கிறது. பல கட்டிகள் இதே செல்களை ஈர்த்துத் தம்முள் சேர்த்துக்கொள்கின்றன. மேக்ரோபேஜ்களின் நிலையும் இத்தகையதே. புண் ஏற்பட்டதும் அவை முதலில் கிருமிகளை விழுங்குகின்றன. பிறகு குணத்தை மாற்றிக்கொண்டு, அழற்சியைத் தணித்து, புதுக் குழாய்களையும் புதுத் திசுவையும் வளர்க்க உதவுகின்றன. கட்டிக்குள் வரும் மேக்ரோபேஜ்களில் பெரும்பகுதி இந்த இரண்டாவது குணத்துக்கே திருப்பப்படுகிறது. அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் ஹெரால்ட் டுவோரக் 1986-ல் கட்டிகளை ஆறாத புண்கள் என்று அழைத்தது இங்கே பொருந்துகிறது.

எதிர்ப்பு மண்டலத்தை எழுதும்போதெல்லாம் படை, வீரன், எதிரி என்ற உவமைகளைக் கையாள்வது நம் வழக்கம். இந்த இடத்தில் அந்த உவமை வழி தவறச் செய்கிறது என்று நான் நினைக்கிறேன். நாரிழையை நெய்யும் செல்லும், அழற்சியைத் தணிக்கும் மேக்ரோபேஜும், ஒழுங்குபடுத்தும் டி செல்லும் எதிரியின் ஆட்கள் அல்ல. அவை புண்ணை ஆற்றவும் உடலைத் தன்னிடமிருந்தே காக்கவும் வைத்திருக்கும் ஏற்பாடுகள். கட்டி புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருக்கிற ஏற்பாட்டை நிற்கவிடாமல் ஓட வைக்கிறது, அவ்வளவே. ஆகவே சூழலை இடித்துத் தள்ளுவோம் என்று இறங்குவது எப்போதும் நோயாளிக்கு நன்மையில் முடிவதில்லை.

கணையப் புற்றுநோய் இதற்குக் கசப்பான பாடம். கணையக் கட்டியின் பருமனில் எண்பது, தொண்ணூறு சதவீதம்கூட நார்த்திசுவாக இருக்கலாம். அறுவை மருத்துவரின் கைக்கு அது கல் போலத் தட்டுப்படும். அந்த நாரைக் கரைத்தால் மருந்து உள்ளே போகும் என்று எலிகளில் செய்த ஓர் ஆய்வு 2009-ல் காட்டியபோது நம்பிக்கை பெருகியது. ஆனால் அதே வழியில் செயல்படும் சாரிடெகிப் என்ற மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை 2012-ல் நிறுத்தப்பட்டது. மருந்து பெற்றவர்களைவிடப் பெறாதவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். காரணம் 2014-ல் எலிகளிலேயே தெரியவந்தது: நார்த்திசுவைக் குறைத்த கட்டிகள் முன்னைவிட மூர்க்கமாகப் பரவின. டி செல்லை மறித்த அதே வேலி, கட்டியையும் ஓரளவு கட்டிப்போட்டிருந்தது. நாரிழைகளின் இடையே நீரைப் பிடித்துவைக்கும் ஹயலுரோனான் என்ற பொருளை மட்டும் கரைக்கும் நொதியை வைத்து நடந்த பெரிய சோதனையும் 2019-ல் நோயாளிகளின் ஆயுளை நீட்டிக்காமல் முடிந்தது. நார்த்திசுச் செல்களில் பல வகைகள் இருப்பதும், சில தீமை செய்யும்போது சில கட்டுப்படுத்துவதும் தெரிந்துகொண்டிருக்கும் இந்நாளில், முழு வேலியையும் பிடுங்குவது பற்றி யாரும் முன்போல எளிதாகப் பேசுவதில்லை.

பலன் கிடைத்தது வேறொரு திசையில். டி செல்லின் மேற்பரப்பில் உள்ள பிடி-1 என்ற தடைப் புரதத்தை ஜப்பானின் தசுகு ஹோஞ்ஜோவின் குழு 1992-ல் கண்டது. சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு தடையை விடுவித்தால் எலிகளின் கட்டிகள் கரைவதை அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசன் 1996-ல் காட்டினார். இருவரும் 2018-ல் நோபல் பெற்றார்கள். பிடி-1-ஐ அழுத்தி டி செல்லை அடக்கும் பிடி-எல்1 புரதம், பல கட்டிகளில் தொடக்கத்திலிருந்தே இருப்பதில்லை என்பது இங்கே கவனிக்கத்தக்கது. உள்ளே வந்த டி செல் சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா என்ற புரதமே அதைப் புற்றுச் செல்லின் மேல் தோன்ற வைக்கிறது. அதாவது, அந்தத் தடை இருப்பது டி செல் அங்கே வந்து வேலையைத் தொடங்கியதற்கான சான்றாகவும் இருக்கக்கூடும். தடையை நீக்கும் மருந்து, வந்து நிற்கும் செல்லை விடுவிக்கும். வராத செல்லை அழைத்து வராது.

பெருங்குடல் புற்றுநோயில் இது எண்களாகவே தெரிந்தது. டிஎன்ஏவை நகலெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் அமைப்பு பழுதான கட்டிகள் ஒரு சிறு பங்கு. 2015-ல் வெளியான ஆய்வில், அத்தகைய கட்டி ஒன்றில் சராசரியாக 1,782 மரபணுப் பிறழ்வுகள் இருந்தன, மற்றவற்றில் 73. பிறழ்வுகள் பெருகப் பெருக அந்நியமாகத் தோன்றும் துணுக்குகளும் பெருகி, டி செல்கள் திரண்டு உள்ளே புகுகின்றன. பிடி-1 தடையை நீக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்துக்கு முதல் வகைப் பெருங்குடல் கட்டிகள் 10-ல் 4 சுருங்கின. இரண்டாம் வகையில் 18 பேரில் ஒருவருக்குக்கூட சுருங்கவில்லை. ஒரே உறுப்பு, ஒரே மருந்து. மலக்குடலில் இதே பழுதுள்ள கட்டி வந்த 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் மட்டும் கொடுத்து, 12 பேருக்கும் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்ததாக நியூயார்க்கிலிருந்து 2022-ல் வந்த செய்தியை நம் ஊடகங்கள் புற்றுநோய்க்கே மருந்து வந்துவிட்டதாகக் கொண்டாடின. எந்த வகைக் கட்டிக்கு என்ற ஒரு வரி பல இடங்களில் விடுபட்டுப்போனது.

இரத்தப் புற்றுநோய்களில் வெற்றி பெற்ற கார்-டி செல் சிகிச்சை, திடக் கட்டிகளில் திணறுவதற்கும் கட்டியின் சூழலே பெரும் காரணம். நோயாளியின் டி செல்லை எடுத்து, மரபணு புகுத்தித் திரும்பச் செலுத்தும் இந்தச் சிகிச்சையின் முதல் இந்திய வடிவமான நெக்ஸ்கார்19, மும்பை ஐஐடியிலும் டாடா நினைவு மருத்துவமனையிலும் உருவாகி 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. அது தேடிப்போகும் புற்றுச் செல்கள் இரத்தத்திலும் எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர் முடிச்சுகளிலும், அதாவது டி செல்கள் அன்றாடம் புழங்கும் இடங்களிலேயே இருக்கின்றன. கணையத்துக் கட்டிக்குள் போக வேண்டிய செல்லுக்கு அந்த வசதி இல்லை. எவ்வளவு திறமையாக அதை வடிவமைத்தாலும் நாரும் அமிலமும் அடக்கும் செல்களும் அங்கே காத்திருக்கின்றன.

சூழலைப் புரிந்துகொண்டதால் சிகிச்சையின் வரிசையும் மாறத் தொடங்கியிருக்கிறது. முதலில் கட்டியை வெட்டி எடுத்துவிட்டுப் பிறகு மருந்து கொடுப்பது நெடுநாள் வழக்கம். கட்டியும் அதன் நிணநீர் முடிச்சுகளும் உடலில் இருக்கும்போதே தடையை நீக்கினால், பயிற்சி பெற வேண்டிய டி செல்களுக்குப் பாடம் கண்முன்னே இருக்கும் என்பது புதிய வாதம். நெதர்லாந்தில், பிழை திருத்தம் பழுதான பெருங்குடல் கட்டி உள்ளவர்களுக்கு அறுவைக்கு முன் சில வாரங்கள் மட்டும் இரண்டு தடைநீக்கி மருந்துகளைக் கொடுத்த ஆய்வின் முடிவு 2024-ல் வெளியானது. மதிப்பிடப்பட்ட 111 பேரின் குடலை வெட்டி எடுத்துச் சீவிப் பார்த்தபோது, 68 சதவீதத்தினரிடம் உயிருள்ள புற்றுச் செல் ஒன்றுகூட அகப்படவில்லை.

ஒரே நோயாளிக்குள்ளும் சூழல் ஒன்றாக இருப்பதில்லை என்பது, இந்தப் புரிதலை நடைமுறைக்குக் கொண்டுவருவதில் உள்ள பெரிய சிக்கல். தோலிலிருந்தோ நுரையீரலிலிருந்தோ கல்லீரலுக்குப் பரவிய புற்றுநோய்களில் தடைநீக்கி மருந்துகளின் பலன் குறைவு என்பதை மருத்துவர்கள் கவனித்து வந்தார்கள். கல்லீரலில் உள்ள மேக்ரோபேஜ்கள் வேகமெடுத்த டி செல்களைப் பிடித்து மடியச் செய்கின்றன என்றும், அதனால் உடலின் பிற இடங்களில் உள்ள கட்டிகளுக்கும் டி செல்கள் குறைந்துவிடுகின்றன என்றும் 2021-ல் எலிகளில் கண்டறியப்பட்டது. குடல் வழியாக வரும் உணவையெல்லாம் அந்நியம் என்று எதிர்க்காமலிருக்கப் பழகிய உறுப்பு கல்லீரல். அந்தப் பொறுமை கட்டிக்கும் கிடைத்துவிடுகிறது. ஆனால் சிகிச்சையை முடிவு செய்யும் நேரத்தில், நோய்க்குறியியல் மருத்துவரின் மேசைக்கு வருவது பெரும்பாலும் ஓர் ஊசி எடுத்துக் கொடுத்த, மெழுகில் பதித்த ஒரே ஒரு நூல் போன்ற துணுக்கு. அதை எடுத்த இடம் விளிம்பா நடுவா, நுரையீரலா கல்லீரலா என்பதைப் பொறுத்து, பழுப்புப் புள்ளிகளின் எண்ணிக்கை மாறிவிடும்.